கரைக்கு மட்டும் சொன்ன எச்சரிக்கை

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து ஆண்டு குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் அடியில் யார் கையெழுத்து என்று பார்த்த பிறகுதான் மேலே படிப்பான். லண்டனிலிருந்து வந்த கடிதத்தையும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு பேராசிரியரின் கையெழுத்து. தமிழ் பேசும் கடற்கரைகளில் ஒட்டுவதற்குப் புயல் எச்சரிக்கைச் சுவரொட்டி ஒன்று தயாராகிறதாம். அதைப் பார்த்துச் சரி என்று சான்று வழங்க அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் தேவையாம். ஒரு வாரம் வந்துபோக இயலுமா என்று கேட்டிருந்தார். நான் கோட்டாட்சியராக இருந்தபோது எழுதிய புயல் அறிக்கையை அவர்கள் எங்கோ பிடித்துப் படித்திருக்கிறார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் அதை என் மேலதிகாரிகூடப் படித்ததில்லை. கடல் கடந்து ஒருவர் படித்திருக்கிறார் என்றதும் கிளம்பிவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு செப்டம்பர் மாதம் அது.

தங்குவதற்குத் தமிழர் வீடு ஏற்பாடு செய்திருப்பதாகவும், உணவுக்குக் கவலை வேண்டாம் என்றும் கடிதத்தில் இருந்தது. நான் சைவம். அவர்கள் ஏற்பாடு செய்திருந்தது தெற்கு லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் இலங்கை மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் மாடி அறை. கதவு திறந்தபோது வாசலுக்கே வந்து என்னை வரவேற்றது மீன் குழம்பு.

வீட்டுக்காரர் சூசை. பத்தொன்பது வயதுவரை மன்னாரில் கடலுக்குப் போனவர், இப்போது பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்கிறார். மனைவி றெஜினா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். நான் மீன் சாப்பிடுவதில்லை என்று சொன்னதும் றெஜினா என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மீன் சாப்பிட மாட்டியளோ? அப்ப முட்டை?"

"முட்டையும் இல்லைம்மா."

"கருவாடு?"

"கருவாடும் மீன்தானே அம்மா."

"இஞ்சருங்கோ," என்று கணவரைக் கூப்பிட்டார். "கந்தோர்க்காரர் எங்களிட்ட ஒரு சாமியாரை அனுப்பியிருக்கினம்." கந்தோர் என்றால் அவர்கள் பேச்சில் அலுவலகம்.

தமிழன் என்றால் தமிழன்தானே என்று அந்த நிறுவனத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். சென்னைக்கு வரும் ஒரு வெள்ளைக்காரரைப் போர்ச்சுக்கல்காரர் வீட்டில் தங்கவைத்து, இருவரும் ஐரோப்பியர்தானே என்று நாம் சொன்னால் எத்தனை கடிதம் வரும்? ஆனால் றெஜினாவைக் குறை சொல்ல முடியாது. அன்றே பக்கத்து டூட்டிங் கடைக்குப் போய்ப் புதுச் சட்டியும் அகப்பையும் வாங்கிவந்தார். "இது ஐயாவின்ர சட்டி. ஒருத்தரும் தொடக்கூடாது" என்று வீட்டுக்கே உத்தரவு போட்டார். லீக்ஸ் என்று ஒரு கீரைத் தண்டை வதக்கிப் பருப்போடு கொடுத்தார். நன்றாகவே இருந்தது.

மறுநாள் நிறுவனத்துக்குப் போனேன். பழைய செங்கல் கட்டடம், உள்ளே குளிர். பேராசிரியர் கைகுலுக்கி, "உங்கள் அறிக்கை எங்களுக்கு ஒரு வேதம்" என்றார். அவருடைய உதவியாளர் ஹெலன், முப்பது வயதுப் பெண், தேநீர் என்ற பெயரில் வெந்நீரையும் பால் துளி ஒன்றையும் தந்தார். பிறகு சுவரொட்டியை மேசையில் விரித்தார்கள்.

ஆறு படங்கள். முதலாவதில் துறைமுகக் கம்பத்தில் தொங்கும் எச்சரிக்கைக் கூண்டு. இரண்டாவதில் ஒரு மனிதன் வானொலி கேட்கிறான். மூன்றாவதில் ஒரு பெண் குடும்ப அட்டையையும் துணிகளையும் மூட்டை கட்டுகிறாள். நான்காவதில் அவள் வீட்டுக் கதவில் பூட்டுப் போடுகிறாள். பின்னால் கடல், கடலில் ஒரு படகு. ஐந்தாவதில் பிள்ளைகளோடு நடக்கிறாள். ஆறாவதில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சோறு வேகிறது.

"நான்காவது படம் உங்களுடையது" என்றார் பேராசிரியர்.

உண்மைதான். அந்தப் பூட்டு என்னுடையது. எங்கள் மாவட்டத்தில் மீனவர்களை மேட்டுப் பகுதிக்கு வெளியேற்றும்போது, பொருள் களவு போகும் என்ற பயத்தில்தான் அவர்கள் வரத் தயங்குகிறார்கள் என்று நான் கண்டறிந்தேன். 'வீட்டைப் பூட்டிக்கொண்டு வாருங்கள், காவலர் நிறுத்தப்படுவர்' என்ற வாசகத்தைச் சுற்றறிக்கையில் சேர்த்தவன் நான். சுவரொட்டியோடு அனுப்பும் கையேட்டின் முன்னுரையில் என் அறிக்கையின் ஒரு வாக்கியத்தையும் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள்: போதிய எச்சரிக்கை உரிய நேரத்தில் வழங்கப்பட்டும், அறியாமையின் காரணமாக மக்கள் வெளியேற மறுத்தனர். கீழே என் பெயரும் பதவியும். அச்சில் பார்க்க நன்றாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

சான்றிதழை நீட்டினார்கள். கையெழுத்துக்கு மேலே இரண்டாவது பத்தியில், 'இச்சுவரொட்டி கடலோர மக்களிடம் காட்டப்பட்டு அவர்கள் கருத்து அறியப்பட்டது' என்றிருந்தது.

"எங்கே காட்டினீர்கள்?" என்றேன்.

ஹெலன் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். "அதற்கு நேரமில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்களே!"

நான் கடலோர மக்கள் இல்லை. கடலோர மக்களுக்கு உத்தரவு போட்டவன். நடக்காத விசாரணையை நடந்ததாகக் கையெழுத்திடும் கலை எங்கள் ஊரிலும் உண்டு. அதற்காக விமானம் ஏறி வரவேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஹெலன்தான் வழி சொன்னார்: "நீங்கள் தங்கியிருக்கும் வீட்டார் கடற்கரைக்காரர்கள் அல்லவா? அவர்களிடம் காட்டிவிட்டால் போதுமே." விதிப்படி அது போதாது. ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஒரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஹெலன் என்னைத் தேம்ஸ் ஆற்றின் வெள்ளத் தடுப்பு வாயிலைப் பார்க்க அழைத்துப்போனார். ஆற்றுக்குக் குறுக்கே வெள்ளிக் கவசம் போட்ட வீரர்கள் வரிசையாக நிற்பதுபோல இருந்தது. கடல் பொங்கி ஆற்றில் ஏறினால் இரும்புக் கதவுகள் எழுந்து நகரத்தை அடைத்துக்கொள்ளும். ஐம்பதுகளில் இங்கே கடல் பொங்கிப் பலர் செத்தார்களாம். அதன் பிறகு கட்டியதாம். வழிகாட்டி கிழவர் ஒருவர் தம் சொந்தக் கதவைப்போல அதைப் புகழ்ந்தார்.

"நல்லது" என்றேன். "உங்கள் ஊருக்குக் கடல் வந்தால் கதவு. எங்கள் ஊருக்கு வந்தால்?"

ஹெலன் நேர்மையான பெண். சிறிது யோசித்து, "சுவரொட்டி" என்றார்.

அன்று மதியம் ரொட்டிக்கு நடுவே குளிர்ந்த பாலாடைக்கட்டியும் ஊறுகாய் என்ற பெயரில் ஓர் இனிப்புக் களிம்பும் வைத்துத் தந்தார்கள். எதிர்ப்பைத் தெரிவிக்க வாய் திறக்க முடியாத உணவு அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து றெஜினா தம்மோடு மூன்று பெண்களைக் கூட்டிவந்தார். எல்லோரும் மன்னார்ப் பக்கம், எல்லோர் வீட்டிலும் கடலுக்குப் போனவர்கள். அவர்களில் வாய் நீளமானவர் செலின். சமையலறை மேசையில் சுவரொட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கோப்பைகளை வைத்தேன். ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி, இடம், ஆஜரானோர் பெயர் எழுதிக்கொண்டேன்.

"எங்கட பேரெல்லாம் ஏன் எழுதுறார்?" என்றார் செலின். "கவுண்மென்ற் தாற பெனிபிட் காசை நிப்பாட்டவோ?"

"இல்லைம்மா. இது விசாரணை."

"ஐயோ, விசாரணையாம்! கோட் கழட்டாமலே ஓடிடுவம்."

சிரிப்பு அடங்கியதும் முதல் படத்தைக் காட்டினேன். கூண்டு எங்கே தொங்கும் என்று றெஜினா கேட்டார். துறைமுகத்தில் என்றேன். "என்ர தங்கச்சி பிலோமினா ராமேஸ்வரம் பக்கம் ஒரு குப்பத்தில இருக்கிறாள். சண்டைக்குப் பயந்து அங்க ஓடிப்போய் அங்கயே கலியாணம் கட்டினவள். புருசன் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போறவர். அவளிட குப்பத்தில இருந்து துறைமுகம் தெரியாது" என்றார். குறித்துக்கொண்டேன். இந்தச் சுவரொட்டி மழைக்காலத்துக்குள் பிலோமினாவின் குப்பத்துக்கும் போகும் என்றேன். றெஜினா அதன்பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான்காவது படத்தில் விரலை வைத்தார். "இந்த ஆள் எங்க?"

"எந்த ஆள்?"

"வள்ளத்தில போன ஆள். வள்ளம் கடல்ல நிக்குது. மனுசி வீட்டைப் பூட்டுறா. அப்ப மனுசன் செத்துப்போனாரோ?"

"சாகலைம்மா. புயல் வருது. அவங்க பாதுகாப்பான இடத்துக்குப் போறாங்க."

"ஆள் கடலுக்க நிக்கேக்க வீட்டைப் பூட்டிப்போட்டு எந்தப் பொம்பிளை வெளிக்கிடுவாள்?" என்றார் செலின். "புருசனைப் பிடிக்காதவள்தான்."

இந்தத் தடவை சிரிப்பு பாதியிலேயே நின்றது. பிறகு ஆளுக்கொரு பக்கமாக விளக்கினார்கள். ஆண் கடலில் இருக்கும்வரை வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. தாழ்கூடப் போடுவதில்லை. அவர் கரையேறி, வலையை இறக்கி, வாசலில் கால் வைக்கும்வரை அது திறந்தே கிடக்கும். ஆள் திரும்பாமல் போய், இனி வரமாட்டார் என்று கோயில் மணி அடித்த பிறகுதான், வீட்டு மனிதர்கள் வெளியே வந்து கதவைப் பூட்டுவார்கள். பிலோமினா வாழ்க்கைப்பட்ட குப்பத்திலும் இதே வழக்கம்தானாம்.

"இது செத்தவீட்டுப் படம், ஐயா" என்றார் றெஜினா. "இதைக் கொண்டுபோய் அவளின்ர சுவரில ஒட்டினா, கிழிச்சு அடுப்புக்க வைப்பாள். ஒட்ட வந்தவனையும் விடமாட்டாள்."

எனக்குக் கோபம் வந்தது. இதை ஒளிக்கப் போவதில்லை. கடல் எழுந்து வரும்போது கதவைப் பூட்டலாமா கூடாதா என்று சாஸ்திரம் பார்ப்பதா? இதற்குப் பெயர்தான் அறியாமை, இதைத்தான் அறிக்கையில் எழுதினேன் என்று சொல்லியும் விட்டேன். அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சூசை நிமிர்ந்தார்.

"ஐயா, புயல் வருது எண்டு நீங்கள் குப்பத்துக்கு எத்தினை மணிக்குப் போய்ச் சொல்லுவியள்?"

"மாவட்டத்துக்குக் காலையில் தந்தி வரும். வந்த உடனே ஜீப்பை எடுத்துடுவோம். பத்து மணி, பத்தரை."

"நாங்கள் கடலுக்கு வெளிக்கிடுறது விடிய முன்னம்" என்றார் சூசை. மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

திங்கட்கிழமை நிறுவனத்துக்குக் கிளம்பினேன். பெண்களின் மூடநம்பிக்கை பற்றிப் பேராசிரியரிடம் என்ன சொல்வது என்று ரயிலில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தபோது, சுரங்கத்துக்குள் வண்டி நின்றது. விளக்கு ஒருமுறை இமைத்தது. ஒலிபெருக்கியில் யாரோ வாயில் ரொட்டியோடு பேசுவதுபோல ஓர் அறிவிப்பு. ஒரு சொல்கூட விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார். "எப்போதும் தெரியாது." செய்தித்தாளைத் திருப்பினார்.

பெட்டி முழுக்க அப்படித்தான். எச்சரிக்கை வழங்கப்பட்டது, யாரும் அசையவில்லை. இவர்களைப் பற்றி எந்த அதிகாரியும் அறியாமை என்று அறிக்கை எழுதப்போவதில்லை. இங்கே இதற்குப் பெயர் நிதானம்.

இருபது நிமிடம் கழித்து வண்டி ஊர்ந்துபோய் அடுத்த நிலையத்தில் எங்களைக் கொட்டியது. அங்கே வேறு அமர்க்களம். யாரோ விட்டுப்போன பை ஒன்று கிடந்ததாம். ஐரிஷ் போராளிகளின் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இந்த ஊரில் பை என்றால் குண்டு. எல்லோரும் வெளியேறவேண்டும், இனி வண்டி எதுவும் இங்கே நிற்காது என்று சீருடைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டம் மேலே ஏறியது. நானும் ஏறினேன்.

பயணச்சீட்டு வாயிலுக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், நல்ல மேலங்கி, கையில் ஒரு சின்னப் பெட்டி. எல்லோரும் அவளைத் தாண்டித் தெருவுக்கு ஓடுகிறார்கள். அவள் மட்டும் நகரவில்லை.

"அம்மா, வெளியே போங்கள்" என்றார் சீருடைக்காரர், மேற்கிந்தியத் தீவுக்காரர்.

"என் கணவர் அடுத்த வண்டியில் வருகிறார்."

"வண்டி நிற்காது. ஆபத்து அம்மா. குண்டாக இருக்கலாம்."

"கேட்டேன். அவர் வருகிறார் என்று சொல்கிறேன்."

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். ஒப்புகைக் கையெழுத்து வாங்கவில்லை, நேரம் குறிக்கவில்லை. இடுப்பிலிருந்த கம்பியில்லாக் கருவியை எடுத்து யாரிடமோ பேசினார். அரை நிமிடம். பிறகு அவளிடம், "உங்கள் கணவரின் வண்டியை முந்தின நிலையத்திலேயே நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அந்த வாசலில் நிற்பார். பேருந்தில் போனால் பத்து நிமிடம்" என்றார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைவிட வேகமாக ஓடினாள்.

தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை. என் அறிக்கையில் வரும் புயல் அடித்த நவம்பர் நாளில் நான் போன குப்பத்தில் பெண்கள் வாதாடவில்லை, அழவில்லை. ஜீப்பிலிருந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். தலையசைத்தார்கள். பிறகு போய்க் கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். மறுப்பு என்று நான் எழுதியது அதைத்தான். எச்சரிக்கை சொன்ன நேரம் பத்து நாற்பது, தலையாரியிடம் ஒப்புகை வாங்கிய நேரம் பதினொன்று ஐந்து என்று சுத்தமாக எழுதியிருந்தேன். அன்று மாலை கடல் குப்பத்துக்குள் வந்தது. எத்தனை பேர் போனார்கள் என்பது அறிக்கையில் ஒரு தனிப் பட்டியலாக இருக்கிறது. இங்கே அதை எழுதப்போவதில்லை.

நிறுவனத்துக்குப் போகாமல் வீடு திரும்பினேன். றெஜினாவிடம் மறுநாள் என்னோடு வர இயலுமா என்று கேட்டேன்.

"எனக்கு இங்கிலீஸ் அவ்வளவு ஓடாது, ஐயா."

"நீங்க தமிழ்ல பேசுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்."

"நீங்கள் அவையளுக்குச் சரியாச் சொல்லுவியளோ? இல்லாட்டி எங்களுக்கு விசர், பைத்தியம் எண்டு எழுதுவியளோ?"

கேட்கவேண்டிய கேள்விதான். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பேராசிரியர் அவரை மிக மரியாதையாக வரவேற்றார். 'கடலோரச் சமூகம்' நேரில் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. நான்காவது படம் என்னவாகத் தெரிகிறது என்று றெஜினா சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். ஹெலன் வேகமாக எழுதிக்கொண்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"படகை ஏன் வரைந்தார் என்று ஓவியரிடம் அப்போதே கேட்டிருந்தேன்" என்றார். "கடல் என்று தெரியவேண்டும் என்பதற்காகத்தானாம். படகை எடுத்துவிடலாம். ஒரு மணி நேர வேலை."

அதைத் தமிழில் சொன்னேன். றெஜினா ஹெலனை நேராகப் பார்த்தார்.

"வள்ளத்தை அழிச்சா ஆள் கரைக்கு வந்திடுவாரோ?"

இதையும் ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தேன். ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார்.

றெஜினா தொடர்ந்தார். "பூட்டுறதோ பூட்டாமல் விடுறதோ பிறகு பாப்பம். முதல்ல கடலுக்குச் சொல்லுங்கோ. ஆக்கள் வெளிக்கிட முன்னம் சொல்லுங்கோ. வெளிக்கிட்டவையை எப்பிடித் திருப்பிக் கூப்பிடுறது எண்டு சொல்லுங்கோ. அவர் வந்து சேர்ந்தா, பிலோமினா பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு நீங்கள் சொல்லுற கட்டடத்துக்கு உங்களுக்கு முன்னமே போய் நிப்பாள். ஆள் வராட்டி அவள் அந்த மணலை விட்டு எழும்ப மாட்டாள். நானெண்டாலும் எழும்ப மாட்டன்."

பேராசிரியர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். வியாழனன்று அச்சுக்குப் போகாவிட்டால் மழைக்காலத்துக்குள் சுவரொட்டி ஊர் போய்ச் சேராது என்றார். "குறையுள்ள எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட மேல் அல்லவா?"

"இல்லை" என்றேன். "எச்சரிக்கை இல்லாவிட்டால் மக்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இதை ஒட்டினால் நாம் கடமையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். செத்தவர்கள் மேல் பழி போடச் சுவரில் ஆதாரமும் இருக்கும்."

"இது உங்கள் அறிக்கை சொல்வதுதானே? நாங்கள் உங்களைத்தான் பின்பற்றினோம்."

அவர் சொன்னது சரி. பதில் சொல்ல நான் விதியைத் தேடினேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஆயுதம். ஓர் அதிகாரி தம் அறிக்கையில் பிழை இருப்பதாகக் கண்டால், ஓய்வு பெற்ற பிறகும் துணை அறிக்கை அனுப்பலாம். துணை அறிக்கை நிலுவையில் இருக்கும்வரை மூல அறிக்கை மறுபரிசீலனையில் உள்ளதாகக் கருதவேண்டும். அப்படிப்பட்ட அறிக்கையை ஆதாரம் காட்டி எதையும் வெளியிடுவது முறையல்ல. இன்று மாலையே நான் துணை அறிக்கை எழுதுகிறேன், ஒரு படி உங்களுக்கு வரும் என்றேன். சான்றிதழைக் கையெழுத்தில்லாமல் திருப்பி வைத்தேன். முன்னுரைப் பக்கத்தில் என் வாக்கியத்தை என் பேனாவாலேயே அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

"அப்படி ஒரு விதி உண்மையில் இருக்கிறதா?" என்று ஹெலன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இருக்கிறது. யாரும் பயன்படுத்தியதில்லை."

பேராசிரியர் சுவரொட்டியைச் சுருட்டி வைத்தார். பிறகு அச்சகத்துக்குத் தொலைபேசி செய்து, வியாழன் வேண்டாம் என்று சொன்னார். அவர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. மழை யாருடைய திருத்தத்துக்காகவும் காத்திருக்காது. ஹெலன் வியாழன் மாலை கோலியர்ஸ் வுட்டுக்கு வருவதாகவும், ஓவியரையும் கூட்டிவருவதாகவும் சொன்னார். முதல் படம் கடலில் தொடங்கவேண்டும் என்று றெஜினாவிடமே வரிசை கேட்டு எழுதிக்கொண்டார்.

"உங்கட பேப்பர் வரேக்க வரட்டும்" என்றார் றெஜினா, திரும்பும் பேருந்தில். "பிலோமினாவிட குப்பத்துக்குப் பக்கத்துக் கடையில போன் இருக்கு. இந்த மழைக்காலம் முழுக்க விடிய முன்னம் றேடியோ கேளாமல் மனுசனைக் கடலுக்கு விடாதே எண்டு நான் சொல்லுறன்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். படிவம் எனக்கு மனப்பாடம். கோடு கிழித்துக் கலங்களை எழுதினேன். மாவட்டம், வட்டம், கிராமம், எச்சரிக்கை வழங்கிய முறை, நேரம். றெஜினா என் சட்டியில் எனக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது கலம்வரை பேனா ஓடியது.

ஒன்பதாவது கலம்: எச்சரிக்கையின்போது பொதுமக்கள் எழுப்பிய வினாக்கள். மூல அறிக்கையில் அங்கே 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அது உண்மை அல்ல. ஜீப்பைத் திருப்பும்போது ஒரு பெண் மணலிலிருந்து எழுந்து ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதை அப்படியே எழுதினேன்: 'கடலுக்குப் போனவங்களுக்குச் சொல்லியாச்சா சார்?'

"என்ன ஐயா, பேனையைப் பிடிச்சுக்கொண்டு அப்படியே இருக்கிறியள்?" என்றார் றெஜினா.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அதற்கும் ஒரு கலம் உண்டு. பத்தாவது: அதிகாரி அளித்த விடை. அதில் எழுதினேன்: 'அது மீன்வளத் துறை வேலை. நீ வீட்டைப் பூட்டிக்கிட்டுக் கிளம்பு.'